கங்கோத்திரி அருவியும் மறைப்பருளும்

திருச்சிற்றம்பலம்

இறைவன் திருத்தொழில்கள் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தாம் என்பது சைவ நூல்களின் துணிபு. இவற்றுள் முதல் மூன்றனையும் பிற சமயத்தார் ஒருவாற்றான் உடம்படுவர். ஈற்றில் நின்ற அருளலையும் அவர் மறார். நான்காவதாகிய மறைத்தல் ஒன்றே கேட்பார்க்கு மயக்கம் விளைப்பது. “அருளே திருமேனியாக உடைய முதல்வன் மெய்ப்பொருளை உயிர்களுக்கு மறைத்தல் என்னை? மறைப்பவன் அருளாளன் ஆதல் யாங்ஙனம்?” என்று மாணாக்கர் பலகால் வினவக் கேட்டுளேம். நூல்வழி நின்று இதற்கு விடை கூறுதல் எளிது. அவ்விடை கேட்போர் நெஞ்சிற் சென்று பதிதலே அரிது. சாத்திரத்தாற் கேட்டதொன்றை உலகியற்பொருளில் வைத்துக் கண்கூடாகக் கண்டவிடத்து அஃது உள்ளத்தில் வேரூன்றும். கங்கோத்திரியில் பாகீரதி வீழும் அருவி எமக்கு அத்தகையதொரு பொருளாக வாய்த்தது. அதனை உவமையாகக் கொண்டு, மறைத்தலும் அருளே என்னும் உண்மையையும், அவ்வுண்மை திருமடங்களின் மேலும் புலவர் மேலும் வைக்கும் கடப்பாட்டையும் ஈண்டுச் சுருங்கச் சொல்லுதும்.

கங்கோத்திரி, உத்தராகண்ட மாநிலத்து உத்தரகாசி மாவட்டத்தில், கடல்மட்டத்திற்கு மேல் 3,000 மீட்டருக்கும் மிக்க உயரத்தில் உள்ளதொரு தலம். ரிஷிகேசத்தினின்றும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைச்சாலையிற் செல்லவேண்டும். உத்தரகாசியையும் ஹர்சிலையும் கடந்தபின், பைரோங்காட்டி என்னுமிடத்தில் ஜாட்கங்கை பாகீரதியோடு கூடுகின்றது. அவ்விடத்து மலைப்பிளவின் ஆழம் காண்போர் உள்ளத்தை நடுக்கும். இக்காலத்து ஊர்திகள் கோயிலின் அணிமைவரை செல்கின்றமையால், அறுபது கடந்த எம்போலியர்க்கும் இவ்யாத்திரை கைகூடுகின்றது. கோயிலினின்று 18 கிலோமீட்டர் மேலே, கங்கை பனியினின்றும் வெளிப்படும் கோமுகம் உள்ளது. அவ்வழி நடந்தே செல்லற்பாலது. முதுமை நோக்கி அதனை யாம் மேற்கொண்டிலேம்.

யாம் சென்றது வைகாசித் திங்களின் இறுதி. கோயிலிற் கங்காதேவியை வணங்கிச் சிறிது கீழிறங்கினால் சூரியகுண்டம் என்னும் இடத்தை அடையலாம். அதுகாறும் அகன்று ஓடிய பாகீரதி அங்கே பாறைகளுக்கிடையில் ஒடுங்கி, பல்லூழி தேய்த்து வழவழப்பாக்கிய கல்வாய்களில் முறுகித் திரும்பி, கீழேயுள்ள குண்டத்தில் வீழ்கின்றது. நீரின் நிறம் பளிங்கன்று. சாம்பல் கலந்த பாலின் நிறம். பனியாறு மலையை அரைத்துக்கொண்டு வருதலால் உண்டாகிய நுண்ணிய கற்பொடி அந்நீரிற் கலந்துள்ளது. கைந்நீரைச் செம்பில் ஏந்தி அசையாது வைப்பின், பொடி அடியிற் படிய, நீர் மேலே தெளிகின்றது. திருநீறு குழைத்த நீர் போலும் அதனைக் கண்டபோது கைகள் தாமே குவிந்தன. அருவியின் ஒலியோ, அருகில் நிற்பார் ஒருவர் சொல்லை ஒருவர் கேளாவண்ணம் அடக்குகின்றது.

இரண்டு நாள் அங்குத் தங்கியதில் யாம் உற்றுநோக்கியது ஒன்றுண்டு. காலையிற் கண்ட அருவி வேறு. மாலையிற் கண்ட அருவி வேறு. விடியற்பொழுதில் மெலிந்து, பாறையின் விளிம்புகள் வெளித்தோன்ற இழிந்த நீர், பகல் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் அவ்விளிம்புகளை மூடிப் பேரொலியோடு வீழ்ந்தது. மழை பெய்திலது, வானத்தில் முகிலும் இலது. பின் இவ்வேறுபாடு எதனான் எனின், மேலே பனி ஞாயிற்றின் வெம்மையால் உருகும் அளவு பற்றியே என்க. இரவிற் குளிரால் உருகுதல் தணிதலின் காலையில் நீர் சுருங்கும். பகலில் உருகியது பல கிலோமீட்டர் ஓடி வந்து சேர்தலின் பிற்பகலில் நீர் பெருகும். பனிமலைவழிச் செல்வோர் ஓடைகளைக் காலையிலேயே கடப்பது இதுபற்றி.

இவ்வருவிக்குத் தாயாகிய கங்கோத்திரிப் பனியாற்றைப் பற்றியும் சிறிது அறிதல் வேண்டும். சௌகம்பா என்னும் 7,138 மீட்டர் உயரமுள்ள சிகரத்தின் சரிவிற் றோன்றி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம் கிடப்பது அது. உயர்ந்த சிகரங்களில் வீழும் பனி ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, மேலுள்ளதன் பாரத்தால் அடியிலுள்ளது இறுகி உறைகட்டியாகின்றது. அங்ஙனம் இறுகியது அசையாப் பாறை என்று கருதற்க. தன் பாரத்தினாலேயே அது மிக மெல்லக் கீழ்நோக்கி நகர்கின்றது. ஆதலினன்றே அதனைப் பனியாறு என்கின்றோம். இன்று அருவியில் வீழும் நீரின் ஒரு பகுதி, நம் முன்னோர் காலத்தில் வானினின்று வீழ்ந்து, இதுகாறும் இருளிலும் குளிரிலும் காக்கப்பட்டுக் கிடந்ததாகும்.

இனிப் புராண வரலாற்றை நோக்குவோம். கபில முனிவரால் நீறாகிய சகரபுத்திரர் அறுபதினாயிரவரும் நற்கதி பெறுதற்பொருட்டுப் பகீரதன் தவம் கிடந்து, வானகங்கை மண்ணில் இழிய வரம் பெற்றான். அதன் விசையைத் தாங்கும் ஆற்றல் நிலமகளுக்கு இன்மையின், சிவபெருமானை நோக்கி மீண்டும் தவம் செய்தான். இறைவனையும் அடித்துச் செல்வேன் எனச் செருக்கி வந்த கங்கையைப் பெருமான் தம் சடையில் ஏற்றார். ஏற்றவளவில் அப்பேராறு சடைக்காட்டில் ஒடுங்கி, ஒரு துளியும் புறத்தே தோன்றாதாயிற்று. பகீரதன் நிலையை நினைமின்கள். அவன் வேண்டிய கங்கை வானினின்றும் இழிந்துவிட்டது. ஆயினும் அவன் கண்ணுக்கு ஒரு துளியும் இல்லை. அவன் மூன்றாம் முறையும் தவம் செய்தான். பெருமான் நிலம் தாங்கும் அளவிற் கங்கையைச் சடையினின்றும் விடுத்தருளினார். பின்னும் சன்னு முனிவர் அதனைப் பருகி மறைத்துச் செவிவழி விடுத்தார் என்பதும் அவ்வரலாறே. சானவி என்னும் பெயர் அதனால் வந்தது. கங்கையின் வரலாறு முழுதும் ஒளித்தலும் அளித்தலுமாகவே நடக்கின்றமை காண்க.

இவ்வுவமையைச் சித்தாந்தத்தோடு பொருத்துமிடத்து ஒன்றனைக் காத்துக்கொள்ளல் வேண்டும். பனியும் நீரும் ஒருபொருளேயாதல் போல உயிரும் சிவமும் ஒருபொருளே. அஞ்ஞானமாகிய குளிர் நீங்கின் உயிரே சிவமாம் என்று ஏகான்மவாதி இவ்வுவமையைத் தன்பால் இழுக்கப் புகுவான். அதற்கு நாம் இடம் கொடேம். உயிர் சிவத்தின் வேறாய பொருள். ஆணவம் அவ்வுயிரைப் பண்டே பற்றிய சடப்பொருள். நாம் பனியாக உவமித்தது உயிரையும் அன்று, ஆணவத்தையும் அன்று. மறைத்தற்றொழிலில் நிற்கும் சிவசத்தியையே. நீராக உவமித்தது, அருளற்றொழிலில் நிற்கும் அச்சத்தியையே. உயிர்க்கு உவமை கீழ்நிலத்தில் நீர் வேண்டி நிற்கும் வயல். ஆணவத்துக்கு உவமை அவ்வயலிற் பண்டுதொட்டுக் கலந்துள்ள களர். இங்ஙனம் வகுத்துக் கொள்ளின் உவமை சித்தாந்தத்தோடு முரணாது.

திரோதான சத்தி மலமென எண்ணப்படுதல் உபசாரமே என்பது நம் ஆசிரியர் கொள்கை. ஆணவத்தின் வழிநின்று அதன் ஆற்றல் தேயும்படி அதனைத் தொழிற்படுத்துதலின், அதற்கு அப்பெயர் வந்தது. இயல்பில் அது சிவபெருமானின் பேரருளே. மலம் பரிபாகம் எய்தியவழி, அதுகாறும் மறைத்து நின்ற அச்சத்தி வேறொன்றற்கு இடம் கொடுத்து நீங்குவதில்லை. தானே அருட்சத்தியாய்த் திரும்பி உயிரிற் பதிகின்றது. உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்தில் இதனை விளக்கியுள்ளார். மறைத்ததும் அருளியதும் ஒன்றே என்னும் இந்நுட்பத்திற்குப் பனியும் அருவியும் போலும் உவமை பிறிதொன்று கிடைத்தல் அரிது. பனி வேறு, அருவி வேறு என்று கொள்வார் உளரோ? மேலே அசைவின்றி, ஒலியின்றி, ஒரு துளியும் ஈயாதது போற் கிடந்ததே, கீழே கல்லதிர வீழ்கின்றது.

ஆடும் பெருமானின் திருவடிவில் ஐந்தொழிலையும் வைத்துக் காட்டும் உண்மை விளக்கம், மறைத்தலை ஊன்றிய திருவடியிலும், அருளலைத் தூக்கிய திருவடியிலும் வைத்தது. ஊன்றிய அடி இன்றித் தூக்கிய அடி நில்லாது என்பதனைச் சிந்திப்பார்க்கு, மறைப்பு அருளுக்கு நிலைக்களனாதல் விளங்கும்.

கங்கோத்திரியில் இதற்கு மற்றுமோர் அடையாளம் உண்டு. பாகீரதியின் நீருள் இயற்கைப்பாறையால் ஆகிய சிவலிங்கம் ஒன்று உள்ளது. பெருமான் கங்கையைச் சடையில் ஏற்க அமர்ந்த இடம் அதுவே என்பர். கோடையில் நீர் பெருகியிருத்தலால் அது புலப்படாது; குளிர்காலத்தில் நீர் சுருங்கியபோதே வெளித்தோன்றும். அக்காலத்திலோ யாத்திரிகர் வருகை அருகும். தீபாவளிக்கு மறுநாள் கோயில் நடை அடைக்கப்பெற, கங்காதேவியின் திருவுருவம் முகபா என்னும் ஊருக்கு எழுந்தருளி, அட்சய திருதியையிலேயே மீளும். நீரைப் பெறுவார்க்கு இலிங்கம் மறைகின்றது. இலிங்கம் வெளிப்படுங்கால் நீர் சுருங்குகின்றது. கொடை பெருகியவழிக் கொடுப்பான் மறைந்து நிற்றலும், கொடை சுருங்கியவழி அவன் இருப்புப் புலனாதலும் உயிர்களின் அனுபவத்தில் உள்ளவையே. இன்பத்தில் இறைவனை மறந்தார் துன்பத்தில் நினைத்தல் நாம் நாளும் காண்பதன்றோ?

அற்றேல், “கொடுக்கவேண்டுவதனை உடனே கொடாது ஒளித்துவைத்தல் கொடுமையன்றோ?” எனின், அங்ஙனமன்று. குளிர்காலத்து வீழும் பனியனைத்தும் வீழ்ந்தவுடனே நீராகி ஓடிவிடின், அது சின்னாளிற் கடல் சேரும். மழைக்கு முன்னுள்ள கடுங்கோடையில் மலைநாட்டு ஆறுகளில் நீர் எங்ஙனம் இருக்கும்? வேண்டாத காலத்து மறைத்தமையாலன்றே வேண்டிய காலத்து அளித்தல் கூடிற்று. வயலின் களரோ ஒருநாள் வெள்ளத்தாற் போவதன்று. வெள்ளம் மேன்மண்ணையும் வாரிச் செல்லும். அளவறிந்து பலகாற் பாய்ந்து நின்று வடியும் நீரே களரைக் கழுவும். ஆணவ மலத்தின் பரிபாகமும் அத்தன்மைத்து. பிறவிகள்தோறும் இன்பதுன்பங்களை ஊட்டி, உயிர் தாங்கும் அளவிலேயே அறிவை விளக்கி, திரோதான சத்தி அதனைப் பக்குவப்படுத்துகின்றது.

தடையின்றி வரும் நீர் யாது செய்யும் என்பதனை நம் காலத்தாரே கண்டனர். சம்பந்தப் பெருமானும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் திருக்காளத்தியினின்றே பாடிய திருக்கேதாரத்தில், 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16, 17 ஆகிய நாள்களில், பெருமழையோடு, கோயிலுக்கு மேலிருந்த சோராபாரி ஏரி கரையுடைத்தது. பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணுமே அவ்வேரிக்குக் கரை. தேங்கிய நீரனைத்தும் ஒருசேர இறங்கி, ஊரை வாரிச் சென்றது. அவ்வாண்டு அம்மாநிலத்தில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஐயாயிரவருக்கு மேற்பட்டோர். திருக்கோயில் நிலைபெயராது நின்றது. பெரும்பாறை ஒன்று உருண்டு வந்து அதன் பின்புறத்தே தங்கி வெள்ளத்தைப் பிளந்தது. அங்கு மாண்டோரின் வினையை அளந்துரைக்கத் துணிதல் நமக்கு அடாது. அவர்பொருட்டு இரங்கலும் வழிபடலுமே சைவர் செய்கை. ஆயினும் ஒன்று தெளிவு. அதே மலை, அதே பனி, அதே நீர். காக்கும் கரை உள்ளவரை அமுதம், கரை போயவழிக் கூற்றம். சடையிலேற்ற பெருமானின் கருணை எத்தகையது என்பதனை அந்நாள் காட்டிற்று.

“எல்லாம் மறைப்பின் வழியே நடக்குமாயின் உயிர் செய்யற்பாலது ஒன்றுமில்லையோ?” எனின், உண்டு. பகீரதன் சடையிற் கங்கை ஒளித்தபோது வெகுண்டு மீண்டானல்லன், தவத்தைத் தொடர்ந்தான். ஞாயிறு ஒருபடித்தாய் நிற்பவும், விடியலில் அருவி மெலிந்தும் பிற்பகலிற் பெருகியும் தோன்றினமை மேலே கூறினாம். சத்திநிபாதமும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைத்தாதல் பக்குவம் பற்றியதேயன்றி முதல்வனின் வேறுபாடு பற்றியதன்று. சரியை கிரியை யோகங்களில் நின்று, ஞானம் வரும் பொழுதை நோக்கி நிற்றலே உயிரின் கடன். விடியலில் வந்து, ‘அருவி இத்துணையே’ என்று மீள்வான் பிற்பகலின் பெருக்கை அறியான்.

இனி, இக்கட்டுரையின் கருத்தாகிய கடப்பாட்டைக் கூறுதும். 1935-ஆம் ஆண்டில் ஆடன் என்னும் நிலநூலறிஞர் கோமுகத்தின் எல்லையை அளந்து படம் வரைந்தார். அவ்வெல்லையினின்றும் பனியாற்றின் முகம் இன்று ஒரு கிலோமீட்டருக்கும் மிகுதியாகப் பின்வாங்கியுள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்தலாற் காற்றிற் சேர்ந்த கரியமிலவாயு உலகின் வெம்மையை மிகுவித்தமை, இவ்வுருகுதல் விரைதற்குப் பெருங்காரணம். இதில் நீர்நூலார் கூறும் நுட்பம் ஒன்று நெஞ்சிற் கொள்ளத்தக்கது. பனியாறு முன்னினும் விரைந்து உருகுங்கால், அதனின்றும் வரும் ஆறு முதலிற் பெருகும். சேமித்த பனி மிகக் குறைந்தபின்னரே ஆறும் சுருங்கத் தொடங்கும். பெருக்கைக் காண்போர் வளம் வந்ததென மகிழ்வர். அப்பெருக்கு, முதலை உண்ணும் பெருக்கு என்பதனை அறியார்.

திருமடங்களும் ஆதீனங்களும் சைவத்தின் பனிமுடிகள் என்றல் மிகையன்று. குருமரபில் வந்த ஞானத்தைப் பக்குவமில்லார்க்கு மறைத்தும், பக்குவமுடையார்க்கு வழங்கியும் அவை காத்துவந்தன. சிவஞான சுவாமிகள் அருளிய சிவஞான மாபாடியம் நெடுங்காலம் ஆசிரியர்பால் அடங்கியிருந்து மாணாக்கர்க்குச் சொல்லப்பட்டு, இருபதாம் நூற்றாண்டிலேயே முழுவதும் அச்சேறியது. அம்மறைப்பு அருளே; ஏனெனின் ஈதல் அதன் பயனாயிற்று. ஈதலைப் பயனாகக் கொள்ளாத மறைப்பு அருளன்று, உலோபமே. சுவடிகள் பெட்டியுள் இருந்து செல்லரித்ததும், ஓமத்தீயிலும் ஆடிப்பெருக்கிலும் இடப்பட்டதும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுத்தால் உலகறிந்த செய்தி. உருகாது அழிந்த அப்பனியால் எந்த வயல் விளைந்தது?

இக்காலத்துக் குறையோ அதன் மறுதலையானது. சொற்பொழிவுகளும் அச்சுநூல்களும் ஒலிப்பதிவுகளும் முன்னொருபோதும் இல்லாவண்ணம் பெருகியுள. சைவம் தழைக்கின்றது என்று நாம் மகிழ்கின்றோம். பரப்புதலைக் குறைகூறுதல் எம் கருத்தன்று, நீர் ஓடவேண்டுவதே. ஆயின், மெய்கண்ட சாத்திரம் பதினான்கனையும் ஆசிரியன்முன் அமர்ந்து, தடைவிடைகளோடு பாடங்கேட்டு முடித்த மாணாக்கர் ஆண்டுதோறும் எத்துணையர்? ஒரு பாடலின் உரைக்கு ஒருநாள் முழுதும் செலவிடும் பொறுமை எவ்விடத்துள்ளது? மேலே புதுப்பனி வீழாது, கீழே அருவி பெருகுவதாயின், அப்பெருக்கு முன்னோர் தேடிவைத்ததனை நாம் செலவிடும் பெருக்கேயாம். அது குன்றும் நாளில் நம் பேரன்மார் வெறுங்கல்வாய்களைக் காண்பர்.

ஆதலின் திருமடத் தலைவர்களையும் புலவர்களையும் யாம் பணிந்து வேண்டுவது இதுவே. ஒவ்வொரு மடத்திலும் சிலராயினும் மாணாக்கரை இருத்தி, உண்டியும் உறையுளும் அளித்து, மாபாடியம் ஈறாக முறையே பாடஞ்சொல்லுக. ஒலியில்லாத, புகழில்லாத, காண்பார் வியவாத தொண்டு அது. சிகரத்திற் பனி வீழ்தலும் ஒலியில்லாததே, அருவிக்கே ஒலியுண்டு. அருவியைக் காணப் பலர் வருவர். பனி வீழ்தலைக் காணச் சிகரத்திற்கு ஒருவரும் வாரார். கற்பிப்போர் இதுபற்றி வருந்தற்க. மறைந்து நிற்றலும் சிவபெருமானின் திருத்தொழில்களுள் ஒன்றாதலின், மறைந்து நின்று காப்பார் அவன் ஊன்றிய திருவடியின்கீழ் நிற்பவராவர்.

காசியிற் குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டில் மடம் நிறுவியதும் கங்கைக்கரையிலேயே. கங்கோத்திரியில் வீழும் இந்நீர், தேவப்பிரயாகையில் அளகநந்தையோடு கூடிக் கங்கையென்னும் பெயர் பெற்று, அம்மடத்தின் அணித்தாகிய கேதார கட்டத்தையும் தொட்டுச் செல்கின்றது. அங்கே படியில் இறங்கி ஒருகை நீர் முகப்பவர், அதனைக் காத்து விடுத்த பனியை நினைத்தல் வேண்டும்; பனியை நினைத்தவர், கங்கையை ஏற்ற சடையை நினைத்தல் வேண்டும். ஒளித்தவனும் அளித்தவனும் ஒருவனே எனத் தெளிந்து, பெற்றதனைக் காத்துப் பின்னோர்க்கு அளவறிந்து வழங்குவார் வாழ்க. சைவம் ஓங்குக.

திருச்சிற்றம்பலம்